எவரும் என்றொரு சொல்

அம்மாவின் மாத்திரை அட்டைகளை அக்கா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். 2009இல் அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. நாள்பட்ட வகை, தினமும் தவறாமல் மாத்திரை எடுத்தால் பல ஆண்டுகள் வாழலாம் என்றார் மருத்துவர். மாத்திரையின் பெயர் இமாடினிப். மாதம் 8,000 ரூபாய். "அசல் கம்பெனியோடதுன்னா மாசம் லட்சத்து இருபதாயிரம்மா. இது நம்ம நாட்டுக் கம்பெனி பண்றது. நீங்க புண்ணியம் செஞ்சிருக்கீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்குப் புண்ணியத்தில் நம்பிக்கை இல்லை. ஒரு மாத்திரையின் விலை பதினைந்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டுமென்றால் யாரோ எங்கோ ஒரு சட்டம் எழுதியிருக்க வேண்டும். அதைத் தேடிப் போனபோதுதான் நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரின் அறிக்கை என் கைக்கு வந்தது. காப்புரிமைச் சட்டத்தை எப்படித் திருத்துவது என்று ஆராய்ந்து 1959 செப்டம்பரில் அவர் இந்திய அரசிடம் கொடுத்த அறிக்கை அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். மறு ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அம்மாவின் ஆயுளில் அவருக்கும் ஒரு பங்குண்டு. அந்த நன்றியோடுதான் இந்த விமர்சனத்தைத் தொடங்குகிறேன்.

முதலில் அறிக்கையின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை என்பது ஒரு பேரம். கண்டுபிடித்ததை வெளிப்படையாகச் சொல்லிவிடு, பதிலுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரும் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையைத் தருகிறேன் என்று அரசு கண்டுபிடித்தவருக்குச் சொல்கிறது. இந்தியாவில் அன்று நடப்பிலிருந்தது வெள்ளையர் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பேரத்தில் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று அய்யங்கார் கணக்குப் பார்த்தார். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டினர் கையில் இருந்தன. அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில் பயன்படுத்தப்படவே இல்லை. தொழிற்சாலை கட்டுவதற்காக யாரும் காப்புரிமை வாங்கவில்லை. இறக்குமதிச் சரக்குக்குப் போட்டி வராமல் சந்தைக்கு வேலி போடத்தான் வாங்கினார்கள். இந்தியாவின் மருந்து விலை உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று என்று 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே சொல்லியது.

அவர் காட்டிய வழியில் 1970இல் புதிய சட்டம் நிறைவேறி 1972இல் நடைமுறைக்கு வந்தது. உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது அந்தச் சட்டம். சாம்பாருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, ஒரு குறிப்பிட்ட பக்குவத்துக்கு மட்டும் கொண்டாடலாம் என்பது போல. அதே மருந்தை வேறு வழியில் செய்யத் தெரிந்தவர் செய்து விற்கலாம். மருந்துச் செய்முறைக்கான காப்புரிமையும் அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்குத்தான். முப்பது ஆண்டுகளில் இந்தியா ஏழை நாடுகளின் மருந்துக்கடையாக மாறியது. 2001இல் எச்.ஐ.வி.க்கான மும்மருந்துக் கூட்டை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக மும்பையின் சிப்லா நிறுவனம் அறிவித்தபோது பணக்கார நாடுகளில் அதன் விலை 10,000 டாலருக்கு மேல்.

இதை அன்றும் இன்றும் திருட்டு என்று சொல்பவர்கள் உண்டு. வளர்ந்த நாடுகளின் பழைய ஏடுகளைப் புரட்டினால் அந்த வாய் அடைத்துவிடும். நெதர்லாந்து 1869இல் காப்புரிமைச் சட்டத்தையே ரத்து செய்தது. 1912 வரை அங்கே காப்புரிமை கிடையாது. ஜெர்மனி 1877இல் சட்டம் இயற்றியபோது வேதிப்பொருளுக்குக் காப்புரிமை மறுத்து, செய்முறைக்கு மட்டுமே கொடுத்தது. சுவிட்சர்லாந்தில் 1888 வரை நாடு தழுவிய சட்டமே இல்லை. வேதித்தொழிலை 1907 வரை அது தொடவில்லை. பாசல் நகரின் சாயக் கம்பெனிகள் அந்தத் திறந்த வெளியில்தான் வளர்ந்தன. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர ஜப்பான் 1976 வரை காத்திருந்தது. ஒவ்வொரு நாடும் தான் ஏறும்வரை கதவைத் திறந்து வைத்திருந்தது, ஏறிய பிறகு மற்றவர்களுக்குச் சாத்தியது. பொருளியலாளர் ஹா-ஜூன் சாங் இதை ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்று எழுதினார்.

சாங்குக்கு அரை நூற்றாண்டு முன்பே இதைச் சொன்னவர் ஒரு பெண். எடித் பென்ரோஸ், பன்னாட்டுக் காப்புரிமை முறையின் பொருளியல் பற்றிய தம் நூலை 1951இல் வெளியிட்டார். தொழில்வளம் இல்லாத, விற்பதற்குக் கண்டுபிடிப்புகளும் இல்லாத நாடுகளுக்கு அயல்நாட்டுக் காப்புரிமைகளை மதிப்பதால் பெரிதாக லாபம் எதுவும் இல்லை, நட்டம் மட்டுமே என்பது அவர் வாதம். பின்னாளில் நிறுவனங்களின் வளர்ச்சி பற்றிய கோட்பாட்டுக்காகவே அவர் பெயர் பரவியது. அந்தக் கோட்பாட்டு நூல் வெளியானதும் 1959இல்தான், அய்யங்கார் தம் அறிக்கையைக் கொடுத்த அதே ஆண்டில்.

இப்போது என் விமர்சனம். அறிக்கையைப் படிக்கும்போது அதில் இரண்டு பேர் தெளிவாகத் தெரிகிறார்கள். ஒருவர் அயல்நாட்டுக் காப்புரிமையாளர், மற்றவர் உள்நாட்டு உற்பத்தியாளர். மூன்றாவதாகப் பொதுமக்கள் என்றொரு முகமில்லாத கூட்டம் வருகிறது. முதலிருவருக்கும் நடக்கும் வழக்கில் மூன்றாமவரின் நன்மைக்காகத் தீர்ப்பு சொல்லப்படுகிறது; அவர் கூண்டில் ஏறிப் பேசுவதில்லை. அந்நியக் கம்பெனியிடமிருந்து நம் கம்பெனிக்குக் கதவு திறந்தால் நாடு வளரும், நாடு வளர்ந்தால் எல்லோருக்கும் நல்லது என்பதே அதன் தர்க்கம். பென்ரோஸின் நூலிலும் கணக்கு நாடுகளுக்கு இடையேதான். நாடு என்பது ஒரே வீடு, அந்த வீட்டுக்கு ஒரே பணப்பெட்டி என்ற எண்ணம் இருவருக்கும் பொது.

எங்கள் வீட்டுக்கு ஒரே பணப்பெட்டி இருந்ததில்லை. 1,20,000 ரூபாய் 8,000 ரூபாயானது நாட்டின் வெற்றி. அந்த 8,000 எங்கிருந்து வந்தது? முதல் நான்கு மாதம் அக்காவின் இரண்டு வளையல்கள். அக்கா கல்யாணம் ஆகாதவள். ஆகவே அவள் வளையலுக்கு வேறு வேலையில்லை என்று வீடு கூடி முடிவு செய்தது. அண்ணன் அப்போது மனைக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தான். அவன் குடும்பஸ்தன், அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அம்மாவே சொன்னாள். மாதா மாதம் அம்மாவைப் பேருந்தில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமென்று ஜவுளிக்கடை வேலையையும் அக்கா விட்டாள். ஏறிய ஏணியை உதைத்தார்கள் என்று உலகம் பேசுகிறது. ஏறும்போது அதைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் யார் என்று எந்த அறிக்கையும் கேட்கவில்லை.

ஒரு நீதிபதி காப்புரிமை பற்றி எழுதிய அறிக்கையில் அக்காவின் வளையலைத் தேடுவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் இந்தச் சட்டம் பெண்ணைத் தற்செயலாக மறந்த சட்டம் இல்லை. கண்டுபிடித்தவர் யார் என்ற அதன் முதல் கேள்வியிலேயே பெண் விடுபட்டிருக்கிறாள். சிபில்லா மாஸ்டர்ஸ் என்ற பெண் சோளத்தைச் சுத்தம் செய்து பக்குவப்படுத்தும் முறையொன்றைக் கண்டுபிடித்து, அமெரிக்கக் காலனியிலிருந்து லண்டன் வரை கப்பலேறிப் போனார். 1715இல் காப்புரிமை கிடைத்தது, அவர் கணவர் தாமஸ் பெயரில். கண்டுபிடித்தவர் மனைவி என்று அதே ஆவணத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் நிலை அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் இல்லை, கண்டுபிடிப்பும் சொத்துதானே. இங்கிலாந்தில் அதை மாற்றிய மணமான பெண்களின் சொத்துச் சட்டம் முழு வடிவில் வந்தது 1882இல். அதற்குள் காப்புரிமை முறை தொழிற்புரட்சி ஒன்றையே கடந்துவிட்டிருந்தது.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1995இல் காயத்தை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அமெரிக்காவுக்கு வெளியே ஒரு பொருள் புழக்கத்தில் இருந்தது என்பது சாட்சியமாகாது. வெளிநாட்டு அறிவு அச்சில் வந்திருந்தால் மட்டுமே கணக்கு. அடுப்பங்கரையில் விரலை அறுத்துக்கொண்ட பிள்ளைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிய எத்தனை கோடிப் பெண்களின் கையும் அந்தச் சட்டத்தின் முன் ஒன்றுமில்லை. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் 1953இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு போனது. 1997இல் காப்புரிமை ரத்தானது. கொண்டாடினோம். அந்த வெற்றியில் ஒரு தோல்வியும் இருந்தது. ஏட்டில் இருந்ததால்தான் மஞ்சள் பிழைத்தது.

அதற்குப் பிறகு மரபறிவைக் காக்க இந்தியா எடுத்த முயற்சியும் அதே வழியில்தான் போனது. 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களிலுள்ள குறிப்புகளை ஐந்து உலக மொழிகளில் பெயர்த்துக் காப்புரிமை அலுவலகங்களுக்குத் தருகிறது. தேவையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த நூல்களை எழுதியவர்கள் அநேகமாக ஆண்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி எதை அரைத்துக் கொடுத்தாள், எந்தச் சாதிப் பெண் எந்தச் செடியை எங்கே பறித்தாள் என்பது ஏடேறவில்லை. அமெரிக்கா கேட்ட அதே கேள்வியை நாமும் நம் பெண்களிடம் கேட்கிறோம்: எழுதி வைத்திருக்கிறாயா?

ஆக நாடுகளின் காப்புரிமை முறைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை வளர்ந்த நாடு, வளரும் நாடு என்ற ஒரே கோலால் அளப்பது போதாது. யாருடைய அறிவு கண்டுபிடிப்பாகிறது, யாருடைய சொல் சாட்சியமாகிறது, யாருக்கு மறுத்துப் பேச உரிமை இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. நான் இந்தச் சட்டத்தை முழுதாகக் கைவிடாததற்குக் காரணமும் அதுதான்.

1995இல் உலக வர்த்தக அமைப்பில் இணைந்ததால், பத்தாண்டு அவகாசம் முடிந்து 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் 20 ஆண்டுக் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது நாடாளுமன்றம் இரண்டு பூட்டுகள் போட்டது. ஒன்று 3(டி) பிரிவு. தெரிந்த மருந்தின் புதிய வடிவம் நோயாளிக்குக் கூடுதல் பலன் தராவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் இதைக் கொண்டுதான் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் அய்யங்காரின் அறிக்கை விரிவாக வருகிறது. அம்மாவின் மாத்திரை ஹைதராபாத்திலிருந்தோ மும்பையிலிருந்தோ எங்கிருந்து வந்ததோ, அதன் விலை சென்னையில் காப்பாற்றப்பட்டது. நிறுவனம் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்துவந்தது உண்மை. எங்கள் ஊரில் அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தானம் வேறு, உரிமை வேறு.

இரண்டாவது பூட்டு 25(1) பிரிவு. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே அதை எதிர்த்து மனு கொடுக்கலாம். யார் கொடுக்கலாம்? எவரும் கொடுக்கலாம் என்கிறது சட்டம். காப்புரிமை வழங்கிய பிறகு எதிர்ப்பதென்றால் அதில் அக்கறையுள்ள தரப்பாக இருக்க வேண்டும், பெரும்பாலும் போட்டிக் கம்பெனி. முன்னால் எதிர்ப்பதற்கு அந்த நிபந்தனை இல்லை. கம்பெனி வேண்டாம், பட்டம் வேண்டாம், குடியுரிமைகூட வேண்டாம். அய்யங்கார் அறிக்கையில் முகமில்லாமல் நின்ற மூன்றாமவர் கூண்டிலேறிப் பேச இங்கே ஓர் இடம் கிடைத்தது.

அந்த இடத்தில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். மீட்ட சிகிச்சையே இருவரின் செவித்திறனையும் பறித்தது. பழைய ஊசிமருந்துகளின் விளைவு அது. பெடாகுயிலின் என்ற மாத்திரை இருந்தால் அந்த ஊசி தேவைப்படாது. அதன் மூலக் காப்புரிமை 2023இல் முடிய இருந்தது. அதே மருந்தின் ஓர் உப்பு வடிவத்தைக் காட்டி 2027 வரை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. 2019 பிப்ரவரியில் இருவரும் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஃபுமேசா ஏன் இந்தியாவுக்கு வர வேண்டியிருந்தது? தென்னாப்பிரிக்காவில் காப்புரிமை விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தைச் சோதிப்பதே இல்லை. படிவம் சரியாக இருந்தால் பதிவு செய்துவிடுவார்கள். வழங்குவதற்கு முன் எதிர்க்க வழியில்லை, வழங்கிய பிறகு செலவு செய்து நீதிமன்றம் போகத்தான் வேண்டும். இரண்டும் வளரும் நாடுகள், இரண்டும் ஒரே உலக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை, இரண்டிலும் காசநோய் ஆட்களைத் தின்கிறது. ஒரு நாட்டில் கேட்காத செவிகளோடு ஒரு பெண் வந்து வேண்டாம் என்று சொல்ல முடிகிறது, மற்ற நாட்டில் முடியவில்லை. நாடுகளின் சட்டங்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் எனக்குத் தெரியாது.

காப்புரிமை இல்லாவிட்டால் பெடாகுயிலினே வந்திருக்காது என்பார்கள். காசநோய்க்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புதிய வகை மருந்து எதுவும் வரவில்லை. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதுவே முதல். அந்த நாற்பதாண்டும் காப்புரிமைச் சட்டங்கள் இருக்கத்தான் செய்தன. ஏழைகளின் நோய்க்குச் சந்தை இல்லை என்பதால் ஆய்வு நடக்கவில்லை. ஆய்வு நடந்தபோது அதில் பொதுப்பணமும் இருந்தது. பேரத்தில் நாம் கொடுத்ததைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது.

இந்தப் பூட்டு இப்போது தளர்கிறது. முன்னெதிர்ப்பு மனுவுக்கு அதுவரை கட்டணம் இருந்ததில்லை. 2024 மார்ச்சில் வந்த திருத்த விதிகள் கட்டணம் விதித்தன. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்ப்பார், பிறகுதான் விண்ணப்பதாரருக்கு அறிவிப்பு போகும். காப்புரிமை பெற்றவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா என்று ஆண்டுதோறும் தர வேண்டிய அறிக்கை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றானது. பயன்படுத்தப்படாத காப்புரிமைகளை எண்ணிக் காட்டித்தான் அய்யங்கார் தம் வழக்கையே கட்டினார். ஒரு புற்றுநோய் மருந்தின் விலையை மாதம் 2,80,000 ரூபாயிலிருந்து 8,880 ரூபாயாக்கிய 2012ஆம் ஆண்டின் கட்டாய உரிமத்திலும் அந்தக் கணக்கு பயன்பட்டது. எண்ணுவதை நிறுத்தினால் கேட்பதும் நின்றுவிடும். கட்டணம் பெரிய கம்பெனிக்குப் பொருட்டே இல்லை. எவரும் என்ற சொல் சட்டத்தில் அப்படியே இருக்கும். அந்தச் சொல்லுக்குள் யார் இருக்க முடியும் என்பது மட்டும் மாறும்.

பெண்ணியவாதிகள் இதைப் பேச வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். காப்புரிமை வக்கீல்களின் விஷயம், வர்த்தக அமைச்சகத்தின் விஷயம் என்று விட்டுவிட்டோம். தேசத்தின் பெயரால் நடந்த வாதத்தில் நமக்கு மருந்து கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. குரல் கிடைத்த ஒரே இடத்திலும் இப்போது காசு கேட்கிறார்கள்.

அம்மா அந்த மாத்திரையோடு ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். பிஸ்கட் டப்பா இன்னும் அக்காவிடம் இருக்கிறது. வளையல்கள் திரும்பி வரவில்லை. இந்தக் கட்டுரைக்காக அவளிடம் பேசினேன். நந்திதா, ஃபுமேசா பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அந்த மனுவ நானும் எழுதியிருக்கலாமாடி?"

எழுதியிருக்கலாம் அக்கா. சட்டத்தில் உன் பெயர் எவரும் என்று இருந்தது.